மொட்டைமாடியை முதலில் கவனியுங்கள்: வீட்டு மின்செலவு பற்றி எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

பழைய வண்ணாரப்பேட்டையின் மேல்மாடி வீடுகளில், மே மாதம் இரவு பத்து மணிக்கும் சீலிங் அனலாகக் கொதிக்கிறது. பகலெல்லாம் வெயில் வாங்கிய கான்கிரீட் அந்தச் சூட்டை, ஆட்கள் படுக்கும் நேரத்தில்தான் கீழே இறக்குகிறது. ஃபேன் அதையே சுழற்றித் தள்ளுகிறது. வேறு வழியின்றித் தவணையில் ஏசி வாங்குகிறார்கள். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் கட்டணம் ஏறிவிடுகிறது.

எனவே செலவை மாடியிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே எங்கள் நிலைப்பாடு. விரிசலை அடைத்து, தண்ணீர் தேங்காதபடி வாட்டம் சரிசெய்து, தை, மாசியில் வெள்ளைப் பூச்சு அடிக்க வேண்டும். சுண்ணாம்பும் பலன் தரும். மழையில் கரைவதால் ஆண்டுதோறும் அடிக்க வேண்டியிருக்கும். வசதியுள்ளவர்கள் வெள்ளை ஓடு பதிக்கலாம். அடுத்தது ஃபேன். பழையது 75 வாட் இழுக்கும் இடத்தில் பிஎல்டிசி ஃபேனுக்கு 30 வாட் அளவே போதும். தினம் 15 மணி நேரம் ஓடினால், ஒரு ஃபேனிலேயே இரண்டு மாதத்துக்குச் சுமார் 40 யூனிட் மிச்சம்.

வீட்டையே இறுக அடைக்கும் குளிர்நாட்டு முறையை நாங்கள் ஏற்கவில்லை. இந்தக் கடலோர ஈரத்தில் காற்றோட்டம் நின்றால் பீரோவுக்குப் பின்னால் சுவர் பூஞ்சை பிடித்துக் கறுக்கும். ஏசி ஓடும் அறையில் மட்டும் கதவு, ஜன்னல் இடுக்குகளை அடைத்தால் போதும். சமையலறைக்கும் குளியலறைக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் கட்டாயம். ஏர்கூலர் வாங்காதீர்கள். ஏற்கெனவே ஈரம் நிறைந்த காற்றில் அது புழுக்கத்தைத்தான் கூட்டும்.

வாடகைக்காரர்களின் நிலைதான் எங்களை அதிகம் வருத்துகிறது. பில் அவர்கள் தலையில். மாடியில் கைவைக்கும் உரிமையோ வீட்டுக்காரரிடம். சொத்து வரியை உரிய காலத்தில் கட்டுவோருக்குச் சென்னை மாநகராட்சி 5 சதவீத ஊக்கத்தொகை தருகிறது. மாடிக்கு வெள்ளைப் பூச்சு அடிப்போருக்கும் அப்படியொரு சலுகை வேண்டும். வாடகை வீடானால், ஓராண்டுக்கு வாடகையை உயர்த்தக் கூடாது என்ற நிபந்தனையோடு அதைத் தர வேண்டும்.

வரிச் சலுகை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வீடுகளை எட்டாது. அங்கே வெயில் தலைக்கு நேர் மேலே இறங்குகிறது. குடியிருப்பவர்களிடம் பெயின்டுக்குப் பணமில்லை. அந்தக் கூரைகளுக்கு மாநகராட்சியே தன் செலவில், அக்னி நட்சத்திரத்துக்கு முன்பே பூச்சு அடித்துத் தர வேண்டும். எங்கள் கோரிக்கைகளில் முதலில் நிறைவேற வேண்டியது இதுவே.