முயல் அறிந்த மூலை

சென்ற பௌர்ணமியன்று கிரிவலம் செய்வதற்காக வேலூரிலிருந்து வந்து இறங்கிய என் மைத்துனர், வாசற்படியில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பாகவே மேல்துண்டை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு, "முயல் வளர்க்கிற வீட்டிலே மனுஷன் எப்படிக் குடியிருக்கிறது மாப்பிள்ளே?" என்று கேட்டார். அந்த நேரத்தில் வீட்டில் ஏதேனும் வாசனை இருந்தது என்றால், அவருக்காகவே அடுக்களையில் தாளித்துக்கொண்டிருந்த பெருங்காயத்தின் வாசனைதான். முயலோ கூடத்தையும் அடுக்களையையும் கடந்து, கொல்லைத் தாழ்வாரத்தில், தன் பாட்டுக்கு அறுகம்புல்லை மென்றுகொண்டிருந்தது. முகர்ந்து பார்த்து முடிவுக்கு வருவது நாய்களின் வழக்கம். முடிவுக்கு வந்தபின் முகர்வது மனித குலத்துக்கு மட்டுமே சித்தித்த கலை.

அவரை மட்டும் குறை சொல்வது நியாயமன்று. பால்காரர் முதல் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தாசில்தார் வரை இவ்வூரில் என்னோடு பேசியவர் அனைவரும், முயல் ஓர் அசுத்தப் பிராணி, போகிற இடமெல்லாம் புழுக்கை போடும், அதற்கு எந்தக் காலத்திலும் ஒரு பழக்கத்தைக் கற்பிக்க முடியாது என்பதை வேதவாக்கியம் போல் ஒப்புவிக்கிறார்கள். இல்லாத பொருளுக்கு உதாரணமாகத் தர்க்க சாஸ்திரிகள் சசவிஷாணத்தை, அதாவது முயற்கொம்பைக் காட்டுவார்கள். இவர்களுடைய சித்தாந்தத்தில் சுத்தமான முயலும் அந்த வகையைச் சேர்ந்ததே. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவனாவது ஒரு முயலைப் பிடித்தவன். இவர்களில் ஒருவரும் ஒரு முயலையேனும் மடியில் வைத்துப் பார்த்தவர் அல்லர்.

என் பிரமாணம் ஒன்றே ஒன்று. அதன் பெயர் பட்டு. அதன் என்று எழுதியது பிழை, அவள் பெயர் பட்டு. பசுவையும் நாயையும் காகத்தையும் 'அது' என்று சொல்லாமல் 'அவள்', 'அவன்' என்றே வழங்கிய ரமண மகரிஷி வாழ்ந்த ஊர் இது. 1948இல் மறைந்த பசு லக்ஷ்மிக்கும், அவளுக்கு அருகிலேயே ஒரு மானுக்கும் ஒரு காகத்துக்கும் ஒரு நாய்க்கும் சமாதி எழுப்பிய ஆசிரமம் இன்றும் செங்கம் சாலையில் இருக்கிறது. ஆகவே ஒரு முயலுக்குப் பெண்பால் விகுதி தருவதற்கு நான் யாரிடமும் அனுமதி கேட்கப் போவதில்லை.

பட்டு வந்த முதல் மூன்று வாரங்கள் எங்களுக்கும் உபத்திரவமாகவே கழிந்தன என்பதை நான் மறைக்கவில்லை. ஒரு பழைய பிளாஸ்டிக் தொட்டியை நான்கு விரற்கடை உயரத்துக்கு அறுத்து, அடியில் நாளிதழ் விரித்து, மேலே வைக்கோல் பரப்பி, தாழ்வாரத்தில் எனக்கு வசதியான இடத்தில் நான் வைத்தேன். அவளோ அதைத் திரும்பிக்கூடப் பாராமல், உரல் கிடக்கும் வடகிழக்கு மூலையையே நாள்தோறும் நாடினாள். ஈசான்ய மூலையில் இப்படி நடக்கலாமா என்று என் மனைவி பதறினாள். நானும் பத்து நாட்கள் அவளை விரட்டினேன். பதினோராம் நாள், தோற்றவன் பணிவதுபோல, தொட்டியைத் தூக்கி அவள் தேர்ந்தெடுத்த மூலையிலேயே வைத்தேன். அன்றோடு கலகம் தீர்ந்தது. தின்றுகொண்டே கழிப்பது முயலின் சுபாவம் என்பதைப் பின்னர் அறிந்து, புல்லைத் தொட்டியின் விளிம்பிலேயே கட்டித் தொங்கவிட்டேன். அதன்பின் நாளொன்றுக்கு அவள் இடும் 200, 300 புழுக்கைகளில் பெரும்பாலானவை தொட்டிக்குள்ளேயே விழுகின்றன. காட்டு முயல்களும் கண்ட இடத்தில் கழிப்பதோடு நில்லாமல், தம் எல்லையில் குறிப்பிட்ட இடங்களைக் கழிப்பிடமாக வைத்துக்கொள்கின்றன. பட்டு அந்தக் குலாசாரத்தை மறக்கவில்லை, நான்தான் பத்து நாட்கள் அதற்குக் குறுக்கே நின்றேன்.

'பெரும்பாலானவை' என்று சொன்னதைப் பிடித்துக்கொண்டு, மிச்சம் எங்கே என்று என் மைத்துனர் கேட்டார். மிச்சம் பத்துப் பதினைந்து, உலர்ந்த மிளகு போல, தொட்டியைச் சுற்றி ஓரிரு சாண் தூரத்தில் கிடக்கும். அவை அவள் நாட்டும் எல்லைக்கற்கள். புதிய ஆள் வீட்டுக்கு வந்தால் எண்ணிக்கை சற்று உயரும். அவர் தங்கியிருந்த இரண்டு நாட்களும் உயர்ந்தே இருந்தது. தாசில்தார் உத்தியோகம் பார்த்தவர்கூட, ஒரு பிராணி தன் நிலத்துக்கு அத்து காட்டுவதை அசுத்தம் என்கிறாரே என்பதுதான் எனக்கு விளங்காத விஷயம். மலையைச் சுற்றிலும் இரவோடிரவாக முளைக்கும் கல்நடவுகளையும் முள்வேலிகளையும் பற்றி அவர் இதுவரை வாய் திறந்ததாக நினைவில்லை.

துர்நாற்றம் என்கிறார்களே, அது முயலிடமிருந்தா வருகிறது? நான்கு நாட்கள் மாற்றாமல் விட்ட தொட்டியிலிருந்து வருகிறது; அதாவது எஜமானின் சோம்பலிலிருந்து வருகிறது. வைக்கோலை நாள் தவறாமல் மாற்றுகிறவன் வீட்டில் நெடி ஏது? பிஸ்கட்டும் முறுக்கும் சோற்றுப் பருக்கையும் ஊட்டி, பாடப்புத்தகப் படத்தை நம்பிக் காரட்டையே மூன்று வேளையும் கொடுத்து, நார்ச்சத்துக்கே பிறந்த அந்தக் குடலைக் கெடுத்து, பிறகு கழிவு இளகிவிட்டது, ரோமத்தில் ஒட்டுகிறது, நாறுகிறது என்று முயலை நிந்திக்கிறார்கள். பிள்ளையாருக்குச் சார்த்த விற்கும் அறுகம்புல்லில் ஒரு கட்டு வாங்கிப் போட்டுப் பார்க்கட்டும். புழுக்கை கடலையுருண்டை போல் உருண்டு திரண்டு வரும். அதில் நாற்றம் கண்டுபிடிப்பவருக்கு நான் சன்மானம் தரத் தயார்.

இந்தப் பிரஸ்தாபத்தின் நடுவே, "தன்னுடையதைத் தானே தின்கிற ஜந்துதானே" என்று என் மைத்துனர் கடைசி அஸ்திரத்தை எய்தார். முயலின் பெருங்குடலின் தொடக்கத்திலுள்ள பையில் புல் புளித்து, புரதமும் வைட்டமின்களும் செறிந்த மிருதுவான திராட்சைக் கொத்தாக வெளிப்படும்போது, அது தரையைத் தொடுமுன் முயல் அதை வாயாலேயே எடுத்துக்கொள்கிறது. தரையில் கிடந்தால்தான் அதற்குத் தீனி மிகுந்துவிட்டது அல்லது நோய் என்று பொருள். ஒருமுறை தின்றதை மறுமுறை வாய்க்குக் கொண்டுவருவதுதான் பசுவின் அசைபோடுதலும். அதே காரியத்தைப் பசு செய்தால் சாதுத்தன்மை, முயல் செய்தால் அநாசாரம்! கிருகப்பிரவேசத்தில் கோமியத்தைத் தலையில் தெளித்துக்கொண்டு, பஞ்சகவ்யத்தைக் கண்ணை மூடி உட்கொள்ளும் நம்மவர் இந்த விஷயத்தில் முகம் சுளிப்பதைப் பார்க்கும்போது, ஆசாரம் என்பது மிருகத்தின் உருவத்தைப் பொறுத்ததோ என்ற ஐயம் எழுகிறது. முயலைப் 'பெரிய எலி' என்று ஏளனம் செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: மேல்வரிசை முன்பற்களுக்குப் பின்னால் இன்னொரு சிறிய ஜோடிப் பற்கள் இருப்பதைக் கண்டு, 1912லேயே விலங்கியலார் முயலை எலியினத்திலிருந்து பிரித்துத் தனி வரிசையில் வைத்துவிட்டார்கள். செய்தி இன்னும் எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை.

சில நாட்களில் பட்டுவின் சிறுநீர் செந்நிறமாக இருக்கும். ரத்தம், ரத்தம் என்று முதன்முறை வீடே அலறிற்று. தழைகளின் நிறப்பொருளால் நேர்வது அது என்று கால்நடை மருத்துவர் சிரித்துக்கொண்டே சொன்னார். சுண்ணாம்புச் சத்து மிகுந்து தொட்டியின் அடியில் வெள்ளையாகப் படிவதும் உண்டு. அதற்குக் குத்துவிளக்கு துலக்கும் புளியே போதும். ஒரு கொட்டைப்பாக்களவு புளியைக் கரைத்து ஊற்றி, அரைமணி ஊறவைத்துத் தேய்த்தால் போய்விடும்.

பட்டுவின் இந்த ஒழுக்கத்தை வைத்துக்கொண்டுதான் நான் ஊரைப் பார்க்கிறேன். பௌர்ணமிதோறும் லக்ஷக்கணக்கானவர்கள் பதினான்கு கிலோமீட்டர் நடந்து, இந்திர லிங்கம் முதல் ஈசான்ய லிங்கம் வரை எட்டுத் திக்கிலும் கற்பூரம் ஏற்றி வணங்குகிறார்கள்; மறுநாள் விடியற்காலையில் அதே பாதையில் அன்னதானத் தட்டுகளும் தண்ணீர்ப் பாக்கெட்டுகளும் மிதிபட்டுக் கிடக்க, மதிலென்றும் மரமென்றும் பாராமல் ஒதுங்கியவர்களின் சுவடுகளைத் துப்புரவுப் பணியாளர்கள் பொழுது விடிய விடியக் கழுவுகிறார்கள். கழிப்பறை கட்டிவைத்தாலும் அதன் வாசல் வரை போய் வெளியிலேயே காரியத்தை முடிப்பவர்கள் உண்டு. ஒரு மூலையைத் தேர்ந்து, அந்த மூலையை விடாமல் பற்றிக்கொள்ளும் வித்தையை என் பட்டு மூன்று வாரத்தில் கைக்கொண்டாள்! இத்தனைக்கும் அவர்கள் அண்ணாந்து தொழுகிற சந்திரனுக்குச் சசாங்கன் என்று பெயர். முயலை அடையாளமாக உடையவன் என்பது பொருள். வானத்து முயலுக்குக் கற்பூரம், கொல்லை முயலுக்கு மூக்குப் பொத்தல்.

இரண்டாம் நாள் காலையில் என் மைத்துனர் திண்ணையில் காபி அருந்தியபடி, வாசலில் தொட்டி தொட்டியாகப் பூத்திருந்த சாமந்தியை வெகுநேரம் வியந்துகொண்டிருந்தார். என்ன உரம் என்று கேட்டார். முயல் புழுக்கை, மட்கவைக்க வேண்டியதில்லை, அப்படியே போடலாம் என்றேன். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு வெற்றிலை போட்டுக்கொண்டு, பத்தரை மணிப் பேருந்துக்குப் புறப்பட்டார்.

அவர் போனபின் பெருக்க வந்தபோது, திண்ணைத் தூணின் அடியில், சுவரும் தரையும் கூடுகிற மூலையில், அகலமாக ஒரு செங்கறை தெரிந்தது. தொட்டி துலக்க வைத்திருந்த புளியைக் கொண்டுவந்து கரைத்து ஊற்றி, அரைமணி ஊறவைத்து, என் மனைவியும் நானும் மாறிமாறித் தேய்த்துப் பார்த்தோம். வெற்றிலைக்காவி, போகவில்லை.