கடலைக் கல்லாத கல்வி

கடல் சூழ்ந்த நிலத்தில் வாழும் ஒரு சமூகம் கடலை அறியாதிருப்பது வியப்பு. அவ்வறியாமையை அது நாகரிகத்தின் அடையாளமாகக் கொள்வது அதனினும் பெரிய வியப்பு. யாழ்ப்பாணத்துப் படித்த சமூகம் இவ்விரண்டையும் ஒருங்கே செய்து வருகின்றது.

குறிகட்டுவான் துறையில் நெடுந்தீவுக்குப் புறப்படும் படகை நோக்கின் இவ்வுண்மை புலப்படும். அது ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல்வழி. படகில் ஆசிரியர் இருப்பார், எழுதுவினைஞர் இருப்பார், பட்டதாரியும் இருப்பார். காற்று எத்திசையிலிருந்து வீசுகின்றது, நீர் வற்றுகின்றதா பெருகுகின்றதா, படகோட்டி ஏன் நேர்வழியை விட்டு விலகிச் செல்கின்றார் என வினவின், அவர்களுட் பெரும்பாலாரிடம் விடை இராது. பலருக்கு நீந்தவும் தெரியாது. விடை தெரிந்தவர் ஒருவர் சுக்கானைப் பிடித்தபடி நிற்கின்றார். அவரிடம் கற்கத்தக்கது ஏதேனும் உண்டென்ற எண்ணம் அப்படகில் ஏறிய ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

இக்காட்சியோடு அறுகம்குடாவில் நிகழும் பிறிதொரு காட்சியை ஒப்பிடல் பயனுடையது. ஆண்டுதோறும் மே மாதம் முதல் ஒக்ரோபர் வரை அங்கு அலைச்சறுக்குக் கற்க அயல்நாட்டார் வருகின்றனர். வருவோருள் மருத்துவரும் பொறியியலாளரும் பேராசிரியரும் உளர். அவர்களுக்குக் கற்பிப்போர் அக்கரையிலேயே பிறந்து வளர்ந்த இளைஞர். பட்டம் பெற்றவர் மணலிற் பலகையை வைத்துக் குப்புறப் படுத்து, ஒரே வீச்சில் எழுந்து நிற்கப் பழகுகின்றார். பின்னர் இடுப்பளவு நீருக்கு அழைத்துச் செல்லப்படுகின்றார். முதலிற் பலகையை ஏந்துவது உடைந்து நுரைத்து வரும் அலையே. உடையாத அலை அதற்குப் பிந்திய பாடம். எந்த அலையை விடுவது, எதனை ஏற்பது என்பதை அவ்விளைஞரே முடிவு செய்து பலகையின் பின்புறத்தைத் தள்ளி விடுகின்றார். கற்பவர் பத்து முறை விழுகின்றார். பதினோராம் முறை ஒரு கணம் நிற்கின்றார்.

இங்குக் கற்பிக்கப்படுவது உடற்பயிற்சி மட்டுமே எனக் கருதுவது தவறு. கரையில் நின்று சிறிது நேரம் கடலைப் பார்த்த பின்னரே நீரில் இறங்க வேண்டும் என்பது முதற் பாடம். அலைகள் கூட்டமாக வருவதையும் இரு கூட்டங்களுக்கிடையே அமைதி நிலவுவதையும் அப்போதே அறியலாம். கடலை நோக்கி இழுக்கும் நீரோட்டத்தை எதிர்த்து நீந்துபவன் களைத்து மாள்வான், கரைக்கு இணையாக ஒதுங்குபவன் பிழைப்பான் என்பது அடுத்த பாடம். முன்னரே அலையில் இருப்பவனுக்குக் குறுக்கே செல்லலாகாது என்பது மூன்றாவது. கவனம், பணிவு, ஒழுங்கு என்ற இம்மூன்றையும் எந்தக் கல்விக் கொள்கையும் தன் நோக்கமாகக் கூறிக்கொள்ளும். பாடசாலை ஏட்டில் எழுதுவதை அக்கரை உடலில் எழுதுகின்றது.

தமிழகத்தின் கோவளமும் இதற்குச் சான்று. சென்னைக்குத் தெற்கேயுள்ள அம்மீனவக் கிராமத்தில் மூர்த்தி மேகவன் என்னும் மீனவர், தொழிலதிபர் அருண் வாசுவின் துணையுடன் 2012ஆம் ஆண்டில் அலைச்சறுக்குப் பள்ளியொன்றைத் தொடங்கினார். புகையும் மதுவும் கூடாதென்பது அங்கு விதியாயிற்று. இன்று இந்தியாவின் முன்னணி அலைச்சறுக்கு வீரர் பலர் தமிழகத்து மீனவக் கரைகளிலிருந்து வந்தவர்கள். 2025 ஓகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசியப் போட்டியே நடைபெற்றது. அலையினூடே கட்டுமரம் செலுத்திய தந்தையரின் பிள்ளைகளுக்கு அலை புதிதன்று. பலகை மட்டுமே புதிது.

இவற்றைக் கேட்டவுடன், தீவகத்திலும் அலைச்சறுக்கு மையம் அமைத்தால் என்ன என்று வினவுவோர் உளர். இவ்வினாவே கடல் அறியாமையின் முதிர்ந்த விளைவு. அறுகம்குடாவில் உடையும் அலை அங்கு பிறந்ததன்று. தென் இந்து சமுத்திரத்தின் புயல்கள் எழுப்பும் நெடுந்திரை ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தடையின்றி வந்து, அக்குடாவின் முனையில் வளைந்து, ஆழம் குறைந்த அடித்தளத்தால் ஒழுங்காக உடைகின்றது. தீவகத்தைச் சூழ்ந்திருப்பதோ பாக்கு நீரிணையும் பாக்குக் குடாவும். அவற்றின் ஆழம் பெரும்பாலும் பதினைந்து மீற்றருக்கு உட்பட்டது. தெற்கே மன்னார்த் தீவும் இராமேசுவரமும் அவற்றிடையே ஆதாம் பாலத்து மணற்றிடல்களும் நெடுந்திரையின் வழியை அடைத்து நிற்கின்றன. ஆதலின் ஊர்காவற்றுறையிலோ நயினாதீவிலோ பலகை மீது நிற்கக் காத்திருப்பவன் ஆயுள் முழுவதும் காத்திருக்க வேண்டியதே. கரையிலுள்ள எந்தக் கடற்றொழிலாளியைக் கேட்டிருப்பினும் இவ்விடை அரை நிமிடத்திற் கிடைத்திருக்கும். கேட்கும் பழக்கம் இல்லாமையே இங்குள்ள நோய்.

இயற்கை தீவகத்துக்கு மறுத்தது நெடுந்திரையை மட்டுமே. ஆழமற்ற அமைதியான நீரும், பருவந் தவறாது வீசும் காற்றும் அங்கு உண்டு. நீச்சலுக்கும் பாய்மரப் பயிற்சிக்கும் இதனினும் சிறந்த பள்ளியறை வேறில்லை. கற்பிட்டியிலும் மன்னாரிலும் இத்தகைய காற்றையும் நீரையும் நம்பியே, பட்டம் இழுக்கப் பலகையிற் செல்லும் விளையாட்டு வளர்ந்துள்ளது. வேலணையின் சாட்டிக் கரைக்கு விடுமுறை நாளில் வரும் இளைஞர் கூட்டமோ முழங்காலளவு நீரில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகின்றது.

இந்நிலை எங்ஙனம் தோன்றிற்று? இதற்கான விடை யாழ்ப்பாணச் சமூக அமைப்பிலேயே உள்ளது. நிலத்தை உடையவன் மேலோன், நீரில் உழைப்பவன் கீழோன் என வகுத்த சாதியம், தொழிலோடு தொழில்சார்ந்த அறிவையும் தீண்டத்தகாததாக்கிற்று. வியர்வை படிந்த அறிவு அறிவாகக் கணிக்கப்படவில்லை. கடற்கரையிற் பிறந்தவன் படித்தால் முதலிற் கடலை மறக்க வேண்டும் என்பது எழுதாச் சட்டமாயிற்று. படகேறாத மகனைக் கண்டு பெற்றோர் பெருமை கொண்டனர். அவர்களைக் குறை கூறுதல் எளிது; கடலில் இறங்கியவனுக்கு மதிப்பளிக்காத சமூகத்தில் அவர்கள் வேறெதனைத் தேர்ந்திருக்க முடியும்?

கலைப்பீட மாணவன் இக்குற்றத்திலிருந்து விலக்களிக்கப்பட வேண்டியவன் அல்லன். நெய்தற்றிணையின் முதல், கரு, உரி என்பவற்றை அவன் மனப்பாடம் செய்துள்ளான். எற்பாடு காலையா மாலையா எனப் பக்கம் பக்கமாக வாதிடுவான். இரங்கலுக்குக் கடல் ஏன் நிலைக்களமாயிற்று என்று தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெறுவான். ஆயின் சோளகம், கச்சான், வாடை, கொண்டல் என்னும் காற்றுகளுள் எது எப்போது தொடங்கும், எது தொடங்கினால் எந்தக் கரையில் வலை வீச இயலாது என்பது அவனுக்குத் தெரியாது. மீனவனின் துயரைப் பாடும் புதுக்கவிதைகள் மாணவர் ஏடுகளில் மலிந்துள்ளன. பாடப்பட்ட மீனவனிடம் சென்று நீந்தக் கற்றுத் தருமாறு கேட்ட கவிஞர் எத்தனை பேர்? இரங்குவது எளிது, ஏனெனில் இரங்குபவன் மேலே நிற்கின்றான். கற்பவனோ கீழே இறங்க வேண்டும்.

வரலாறு இங்கு ஒரு விசித்திரமான ஒப்புமையைத் தருகின்றது. 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கு மதபோதகரை அனுப்பிய அதே அமெரிக்கச் சபைதான் 1820இல் ஹவாய்த் தீவுகளுக்கும் போதகரை அனுப்பிற்று. ஹவாய் மக்களின் பழம்பெரும் கலையான அலைச்சறுக்கு அப்போதகர் பலரின் கண்ணுக்குச் சோம்பலாகவும் ஒழுக்கக் கேடாகவும் தோன்றிற்று. கொள்ளை நோய்களால் மக்கள்தொகையும் அருக, அக்கலை பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பெரிதும் நலிந்தது. எனினும் அம்மண்ணின் மைந்தர் அதனை மீட்டனர். 1912ஆம் ஆண்டு ஸ்ரொக்ஹோம் ஒலிம்பிக்கில் நீச்சலிற் தங்கப்பதக்கம் வென்ற டியூக் கஹானமொக்கு அக்கலையை அவுஸ்திரேலியாவிலும் நிகழ்த்திக் காட்டினார். 2021இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கில் அது போட்டியாகவே இடம்பெற்றது. யாழ்ப்பாணத்தில் அச்சபை 1823இல் வட்டுக்கோட்டையிற் செமினரியை நிறுவி வானியலும் கணிதமும் கற்பித்தது. அதன் தொண்டு பெரிது. கடலை இகழ்வதற்கு யாழ்ப்பாணத்தார் எவரிடமும் பாடம் கேட்கவில்லை; அதனை அவர்கள் முன்னரே கற்றிருந்தனர். புதிய கல்வி அவ்விகழ்ச்சிக்குச் சான்றிதழ் வழங்கியதோடு நின்றது.

இக்கரைகளில் ஆற்றல் இல்லாதிருந்ததும் இல்லை. வல்வெட்டித்துறையில் உள்ளூர்க் கைவினைஞர் கட்டிய ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. 1954இல் முருகுப்பிள்ளை நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். 1971இல் ஆழிக்குமரன் ஆனந்தன் அந்நீரிணையைச் சென்றும் மீண்டும் நீந்தினார். சட்டம் பயின்ற அவர் 1984இல் ஆங்கிலக் கால்வாயில் நீந்துகையில் உயிர் துறந்தார். படிப்பும் கடலும் ஓருடலிற் கூடி வாழ முடியும் என்பதற்கு அவர் வாழ்வே சாட்சி. சமூகம் அவருக்குச் சிலை எழுப்பிற்று. அவர் கற்றதைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க ஒழுங்கு செய்ததா?

போர் இவ்விலகலை ஆழப்படுத்தியதை மறுத்தல் நேர்மையாகாது. 1985 மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகிற் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். கடல் அன்றுமுதல் பலருக்கு அச்சத்தின் பெயராயிற்று. 2009 வரை நீடித்த தடைகளும் இடப்பெயர்வுகளும் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்ல வேண்டிய அறிவின் தொடரை அறுத்தன. அறுந்த தொடரை இணைக்க வேண்டிய தேவை இதனால் மிகுகின்றதேயன்றிக் குறையவில்லை. அறிந்த முதியோர் இருக்கும்போதே கேளாத அறிவை அவர்கள் மறைந்தபின் எந்த நூலகத்திலும் தேட இயலாது.

விளையாட்டு வீண் பொழுதுபோக்கு என்பது எதிர்ப்போர் கூற்று. நெடுந்தீவிற் கடும் நோயுற்றவர் யாழ்ப்பாணம் சேர முதலிற் கடலைக் கடந்தாக வேண்டும். அங்கு நீந்துதல் பொழுதுபோக்கெனச் சொல்பவர் கரையில் நின்றே சொல்கின்றார். பெண்களுக்கு இது பண்பாட்டுக்கு ஒவ்வாது என்பது மற்றொரு கூற்று. அறுகம்குடாவில் 2018இல் பெண்கள் தமக்கெனவே ஒரு அலைச்சறுக்குக் கழகத்தை அமைத்தனர். அவர்களும் இதே கூற்றைக் கேட்டவர்களே. படகு கவிழும்போது கடல் ஆண் பெண் பார்ப்பதில்லை. கடற்றொழிலாளிக்கு அனுபவம் உண்டு, கற்பிக்கும் முறை தெரியாது என்பது மூன்றாவது கூற்று. இதில் ஓரளவு உண்மை உண்டு. கடலை அறிந்தவர் அனைவரும் உயிர்காப்பு முறைகளை அறிந்தவர் அல்லர். பழக்கம் சிலவேளை அலட்சியமாவதும் உண்டு. இதற்குரிய மருந்து பயிற்சி. பட்டதாரிக்கு ஆசிரியப் பயிற்சி அளிக்கும் அரசு படகோட்டிக்கு உயிர்காப்புப் பயிற்சி அளிக்கலாகாதா?

இன்னோர் ஆபத்தும் உண்டு. தீவகத்தின் அழகைக் கண்டு முதலீட்டாளர் வருவர். விடுதி எழும்; கரைக்கு வேலி எழும்; வெளியூர்ப் பயிற்சியாளர் வருவர்; அவ்வூர் இளைஞர் பலகை சுமப்பர். இஃது கற்பனை அன்று. 2004 ஆழிப்பேரலையின் பின்னர் அறுகம்குடாவில் மீனவரைக் கரையிலிருந்து விலக்கிச் சுற்றுலாவை விரிவாக்கும் திட்டம் தீட்டப்பட்டதும், மக்கள் அதனை எதிர்த்ததும் யாவரும் அறிந்தவை. கடலறிவு உடையோர் ஆசான்களாக ஏற்கப்படாத இடத்தில் அவர்கள் கூலிகளாகவே வைக்கப்படுவர். எனவே ஆசான் எனும் மதிப்பு வெறும் உபசாரம் அன்று. கரையின் மீதான உரிமையோடு பிணைந்தது.

செய்ய வேண்டியவை எளியவை. தீவகப் பாடசாலைகளில் நீச்சல் பாடமாக வேண்டும். வாடையின் கொந்தளிப்பு அடங்கிய காலத்தில், ஆழமற்ற கரையில், அவ்வூர்க் கடற்றொழிலாளர் ஊதியம் பெறும் ஆசிரியராக அதனைக் கற்பிக்க வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் நெய்தலைப் பற்றிக் கருத்தரங்கு வைக்கும்போது, காற்றின் பெயர்களைக் கூற ஒரு முதிய படகோட்டியை மேடைக்கு அழைக்க வேண்டும். அவர் பேசும்போது பேராசிரியர்கள் குறிப்பெடுக்க வேண்டும்.

குறிகட்டுவானிலிருந்து படகு நாளையும் புறப்படும். பட்டதாரி உள்ளே அமர்ந்திருப்பார்; அறிந்தவர் சுக்கானருகே நிற்பார். இருவருக்கும் இடையே உள்ள தூரம் பத்து அடிதான். அதனைக் கடக்க இச்சமூகம் இருநூறு ஆண்டுகளாகக் கற்ற கல்வி போதவில்லை. “அண்ணை, காற்று ஏன் மாறுது?” என்று ஒரு மாணவன் எழுந்து சென்று கேட்கும் நாளில் அது போதத் தொடங்கும்.