எருவை இறக்காம வாங்க

தலவாக்கலை தாண்டி ரோட்டு நிமிரத் தொடங்கும் இடத்தில்தான் முதல் தடவை அது நடந்தது. பின்னால் பத்து மூட்டை மாட்டெரு. மழை விட்டும் விடாத நேரம். மூன்றாம் கியரில் ஏறிக்கொண்டிருந்த என் டபள் கெப், யாரோ வாயைப் பொத்தியதுபோல் திணறியது. எக்சிலேட்டரை மிதித்தேன், எஞ்சின் கேட்கவில்லை. பின்சக்கரப் பக்கமிருந்து கரகரவென்று ஒரு சத்தம். அடுத்த கணமே எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் டேஷ்போர்டில் மஞ்சளாக இரண்டு விளக்குகள். ஒன்றில் ஏ.பி.எஸ். என்ற எழுத்து. மற்றதில் ஒரு சின்னக் கார், அதன் பின்னால் பாம்பு ஊர்ந்த தடம்போல் இரண்டு கோடுகள். 'வழுக்குற கார்' என்று பேத்தி அதற்குப் பெயர் வைத்தாள்.

ஹட்டனிலிருந்து கந்தப்பளைக்கு எரு ஏற்றிப் போவதும், திரும்பும்போது தம்பியின் தோட்டத்து லீக்ஸையும் கோவாவையும் கொண்டுவருவதும் ஓய்வுபெற்ற பிறகு எனக்கு வாய்த்த வேலை. 2021இல் இரசாயன உரத்தை ஒரே இரவில் நிறுத்தினார்களே, அந்த வருடம் டிக்கோயாப் பக்க லயங்களில் மாடு வளர்ப்பவர்களிடம் எரு வாங்கப் பழகியவன் தம்பி. தடை அந்த வருடமே போய்விட்டது, பழக்கம் போகவில்லை.

வண்டிக்கு வயது இருபதை நெருங்குகிறது. புதிதாக ஒன்று வாங்கலாமே என்று கேட்பவர்கள் நம் நாட்டு விலையை அறியாதவர்கள். 2020இல் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடையில் ஐந்து வருடம் பழைய வண்டிகளைத் தட்டிக்கொட்டித்தான் இந்த மலைநாடு ஓடியது. இன்றும் அப்படித்தான் ஓடுகிறது.

அந்த 'வழுக்குற கார்' விளக்கின் பெயர் ட்ரெக்ஷன் கொன்ட்ரோல். அதன் வேலையைப் புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். ஒவ்வொரு சக்கரத்தோடும் பல் வைத்த ஒரு வளையம் சேர்ந்து சுற்றுகிறது. அதை ஒட்டி, ஒரு மில்லிமீட்டர் அளவு இடைவெளியில், காந்தமும் செப்புக் கம்பிச் சுருளும் கொண்ட ஒரு சென்சர். பல் ஒவ்வொன்றும் கடக்கையில் மெல்லிய மின்துடிப்பு ஒன்று எழும். நான்கு சக்கரத் துடிப்புகளையும் உள்ளே ஒரு பெட்டி எண்ணிக்கொண்டே இருக்கும். ஏறும்போது ஒரு பின்சக்கரம் மட்டும் வேகமாகச் சுற்றினால், அது வழுக்குகிறது என்று முடிவுகட்டி அந்தச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடும். எஞ்சின் வலுவையும் குறைக்கும்.

பிரேக் மிதிக்கும்போது ஒரு சக்கரம் சுற்றாமல் இறுகிவிட்டால், அதே பெட்டி பிடியை விட்டுவிட்டுப் பிடிக்கும். அதுதான் ஏ.பி.எஸ். 1978இல் பொஷ் நிறுவனம் செய்து, மெர்சிடிஸ் பென்ஸ் காரில் முதலில் வந்த ஏற்பாடு. ட்ரெக்ஷன் கொன்ட்ரோல் அதன் தோளில் ஏறிப் பிற்பாடு வந்தது. இரண்டுக்கும் காது ஒன்றே.

ஒரு காது அடைத்தால் என்ன ஆகும்? என் வண்டிக்கு நடந்தது அதுதான். இடது பின்சக்கரத்தின் துடிப்பு கொஞ்ச நேரம் வரவில்லை. இடது நிற்கிறது, வலது மட்டும் சுற்றுகிறது என்று பெட்டி நினைத்துவிட்டது. ஒழுங்காக இழுத்துக்கொண்டிருந்த வலது சக்கரத்தின் கழுத்தைப் பிடித்தது. பிறகு கணக்கு உதைக்கவே, 'எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, இனி நீயே பார்த்துக்கொள்' என்று விளக்கைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டது.

இவ்வளவும் பிறகு தெரிந்துகொண்டது. முதலில் போன கராஜில் ஸ்கேனரைக் குத்திப் பார்த்து, "இடது பின்பக்க சென்சர்" என்றார்கள். பஞ்சிகாவத்தையிலிருந்து ஒன்று வரவழைத்து மாட்டினார்கள். நான்கு நாள் விளக்கு எரியவில்லை. ஐந்தாம் நாள் எருவோடு கொட்டகலையைத் தாண்டும் முன்பே எரிந்தது. திரும்பிப் போனேன். "அப்ப கம்பியூட்டர் போயிருக்கும் சேர்" என்று இரண்டரை இலட்சத்துக்குக் கணக்குச் சொன்னார்கள். இரண்டாவது கராஜில் அவ்வளவு செலவு வைக்கவில்லை. "பழைய வண்டிதானே சேர், பல்பைக் கழட்டிருவோமா?" என்று கேட்டார்கள். இலவசமாக.

உண்மையைச் சொல்கிறேன், அரை மனதாகத் தலையாட்டத்தான் போனேன். அப்பா நினைவு வந்து தடுத்தது. அவர் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டியவர். அவர் காலத்து வண்டிகளில் சென்சரும் இல்லை, விளக்கும் இல்லை. ஓட்டுகிறவனின் இடுப்புத்தான் சென்சர். சேற்றில் பின்பக்கம் நழுவினால் ஆசனம் வழியாக முதுகுக்குத் தெரிந்துவிடும் என்பார். லொறியில் சின்னதாக ஒரு புதுச் சத்தம் கேட்டாலும் நிறுத்தி இறங்கிவிடுவார். வண்டி வாய் திறந்து பேசும்போது அதன் வாயை அடைத்துவிட்டு ஓட்டுவதை அவர் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்.

மூன்றாவதாகப் போனது டிக்கோயாவில் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன கராஜ். அங்கிருந்த பாஸ் ஸ்கேனரைத் தொடவில்லை. பானட்டையும் திறக்கவில்லை. கேள்வி கேட்டார்.

"எப்ப எரியுது சேர்? மழையிலயா, வெயில்லயா?"

"ரெண்டுலயும்."

"ஏத்தத்திலயா, எறக்கத்திலயா?"

"ஏத்தத்தில."

"சாமான் ஏத்தினா எரியுதா, வெறும் வண்டியிலயும் எரியுதா?"

எனக்குப் பொறி தட்டியது. கராஜுக்கு நான் எப்போதும் கழுவித் துடைத்த வெறும் வண்டியைத்தான் கொண்டுபோயிருக்கிறேன். அந்த நான்கு நாளும் நான் ஓட்டியது வெறும் வண்டியைத்தான். பின்னால் எருவோடு போய் எந்த மனிதன் கராஜ் வாசலில் நிற்பான்?

"அடுத்த தடவை எருவை இறக்காம வாங்க" என்றார் பாஸ்.

வியாழக்கிழமை அப்படியே போனேன். பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். பாஸ் வண்டிக்கு அடியில் படுத்து, சென்சரிலிருந்து செஸிக்குப் போகும் வயரை மேல்முனையில் கழற்றி, முள் வைத்த பழைய மீட்டரில் கோர்த்தார். முள் ஒன்றரைக் கிலோ ஓம் பக்கம் அசையாமல் நின்றது. நல்ல சென்சர். பிறகு இரண்டு பையன்களை மூட்டைகள் மேல் ஏறி நின்று குதிக்கச் சொன்னார். வில் தகடு அமுங்கி நிமிரும் ஒவ்வொரு முறையும் முள் செத்து விழுந்து எழும்பியது.

பின் அச்சு ஏறி இறங்க, அதோடு மடிந்து மடிந்து நிமிரும் இடத்தில் வயர் உள்ளுக்குள் அறுந்திருந்தது. வெளியே கறுப்பு உறை பழுதில்லை. கத்தியால் கீறிப் பார்த்தால் செம்பு பச்சை பூத்து, இரண்டொரு இழைகளே தொட்டும் தொடாமலும் நின்றன. சுமை இல்லாதபோது இழைகள் முத்தமிட்டுக்கொள்ளும். சுமையோடு குலுங்கினால் பிரியும். ஸ்கேனர் பொய் சொல்லவில்லை. இடது பின்பக்கத்துத் தகவல் வரவில்லை என்று மட்டும்தான் அது சொன்னது. ஏன் வரவில்லை என்று சொல்ல அதற்குத் தெரியாது. அதைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

புது வயர், ஈயம், கூலி எல்லாம் சேர்த்து நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். ஒரு பிளேன்டீயைக் குடித்துக்கொண்டே பாஸ் இன்னொன்றும் சொன்னார். "சேர் ஏத்தத்தில திணறுறதைத்தான் பெருசா சொல்றீங்க. ஏத்தத்தில வண்டி வழுக்கினா நின்னுரும். அந்த லைட்டு எரியும்போது எறக்கத்தில ஏ.பி.எஸ்.ஸும் இல்ல. அதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலையே."

சொல்லவில்லைதான். ஆறு வாரம் அப்படியே லீக்ஸ் ஏற்றிக்கொண்டு இறங்கியிருக்கிறேன். வழியில் வரும் நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஹட்டன் 1,270 மீட்டர் அளவில். ஒவ்வொரு பயணத்திலும் அறுநூறு மீட்டர் கீழே விழாமல் இறங்குகிறோம் என்றுதான் அதற்கு அர்த்தம். விளக்கு எரிந்தாலும் சாதாரண பிரேக் வேலை செய்யும். ஈரத் தாரில், பனிமூட்டத்துக்குள்ளிருந்து எதிரே ஒரு பஸ் முளைத்து, நாம் பதறி மிதிக்கும்போதுதான் இல்லாதது தெரியவரும்.

நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் 2023 ஜனவரி 20ஆம் திகதி பஸ்ஸும் வேனும் ஓட்டோவும் மோதி ஏழு பேர் போனார்கள். 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கெரண்டிஎல்லவில் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்ததில் இருபதுக்கும் மேற்பட்டோர் போனார்கள். அவற்றை என் வண்டியின் அறுந்த வயரோடு முடிச்சுப்போட நான் வரவில்லை. நம் இறக்கங்கள் மன்னிக்கும் பழக்கம் இல்லாதவை என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு என்று அப்பா சொன்னது ஏ.பி.எஸ். உள்ள வண்டிக்கும் பொருந்தும்.

வருடாந்தம் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் போனால் என் வண்டியிடம் புகைச் சான்றிதழ் கேட்கிறார்கள், காப்புறுதி கேட்கிறார்கள். அந்த மஞ்சள் விளக்கைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஆகவே நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்று மாதமாக என் வண்டியில் அது எரியவில்லை. சாவியைத் திருப்பியதும் மட்டும் மற்ற விளக்குகளோடு சேர்ந்து சில நொடி எரிந்து அணைகிறது. அப்படி எரிந்து அணைவதுதான் ஒழுங்கு. பழைய டபள் கெப் வாங்கப் போகிறவர்கள் பெயின்டையும் டயரையும் பார்க்கும் முன் ஒரு தடவை சாவியைத் திருப்பி டேஷ்போர்டைப் பாருங்கள். அந்த ஏற்பாடு உள்ள வண்டியில் 'வழுக்குற கார்' அந்தச் சில நொடிகூட எரியவில்லை என்றால், யாரோ பல்பைக் கழற்றியிருக்கலாம். அந்த வண்டியை வாங்காதீர்கள்.