பிடித்துக்கொண்ட பிஸ்டன்

போர்ட் பிளேரில் செய்திகளை மொழிபெயர்க்கத் தொடங்கிய புதிதில் ஒரு தவறு செய்தேன். நடுக்கடலில் என்ஜின் 'சீஸ்' ஆகி ஒரு மீன்பிடிப் படகு தத்தளித்ததாக ஆங்கிலத்தில் வந்த நான்கு வரிகளை, "படகின் என்ஜின் பறிமுதல் செய்யப்பட்டது" என்று தமிழாக்கி அனுப்பிவிட்டேன். பறிமுதல் செய்திகள் தீவுக்குப் புதிதல்ல என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. படகை விட்டுவிட்டு என்ஜினை மட்டும் எப்படிப் பறிமுதல் செய்வார்கள் என்று கேட்டவர் என் அப்பா ஒருவர்தான்.

தமிழ் முதுகலைப் பட்டம் இந்த இடத்தில் கைகொடுக்கவில்லை. கலைச்சொல் பட்டியல்களில் பிஸ்டனுக்கு உந்துதண்டு, சிலிண்டருக்கு உருளை எல்லாம் உண்டு. உந்துதண்டு உருளைக்குள் சிக்கிக்கொண்டால் அதற்கு என்ன பெயர் என்று தேடியபோது ஒன்றும் அகப்படவில்லை. சொல்லைத் தந்தவர், ராமநாதபுரம் பக்கத்திலிருந்து இளம் வயதில் கப்பலேறி வந்து இங்கேயே தங்கிவிட்ட எங்கள் மெக்கானிக். "பிடிச்சுக்கிச்சு தம்பி" என்பார். இறுகியது, உறைந்தது, முடங்கியது எல்லாவற்றையும்விட இதுவே சரி. எது எதைப் பிடித்தது, ஏன் பிடித்தது என்று அடுத்த கேள்வி கேட்க இதில் இடம் இருக்கிறது. பழுது பார்ப்பதில் பாதி வேலை அந்தக் கேள்விதான்.

2024 செப்டம்பரில் ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டது. அப்பாவின் பஜாஜ் சேத்தக் மட்டும் மாறாமல் வாசல் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் நின்றுகொண்டிருந்தது. எத்தனை மழைக்காலம் அப்படி நின்றது என்று எண்ணிச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை. இரண்டு பருவமழையும் நம்மை விடாது. மீதி நாட்களில் உப்புக்காற்று. பழைய இரும்புக்காரர் ஒருவர் விலை கேட்டுப் போன மறுநாள், அப்பா தாமாகவே தார்ப்பாயை விலக்கி, "ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாரேன்" என்றார். கிக்கரை மிதித்தேன். சுவரை மிதித்த மாதிரி இருந்தது.

பக்கத்து வீட்டுப் பையன் உதவிக்கு ஓடிவந்தான். எண்பது கிலோ இருப்பான். "நகருங்க அங்கிள், நான் ஏறி நிக்கிறேன்" என்றான். கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். பிடித்துக்கொண்ட என்ஜின்களில் பல, பிடித்துக்கொண்டதால் சாவதில்லை. அதற்குப் பிறகு ஆட்கள் ஏறி நிற்பதால் சாகின்றன. பிஸ்டன் அசையாது, கிக்கர் பல்தான் உடையும். அதற்கப்புறம் ஒரு பழுதுக்கு இரண்டு பழுது.

முதலில் தெரிய வேண்டியது, பிடித்துக்கொண்டது என்ஜின்தானா என்பது. கியரை நியூட்ரலில் போட்டு வண்டியைத் தள்ளிப் பாருங்கள். அப்போதும் பின்சக்கரம் சுற்றவில்லை என்றால், பெரும்பாலும் பிரேக் டிரம்முக்குள் ஷூ துருப்பிடித்து ஒட்டியிருக்கும். கடலோர ஊர்களில் இது சகஜம். சக்கரம் சுற்றினால், கியரில் போட்டுத் தள்ளுங்கள். சக்கரம் நின்று, கிளட்சைப் பிடித்ததும் சுற்றுகிறதென்றால் கியர் பாக்ஸ் பிழைத்தது, கோளாறு கிளட்சுக்கு அப்பால். இப்போது பிளக்கைக் கழற்றிவிட்டு, வலது பக்கத்து மூடியைத் திறந்து, விசிறிப் பல் வைத்த மேக்னெட் சக்கரத்தைக் கையால் திருப்ப வேண்டும். அது சுலபமாகச் சுற்றி, கிக்கர் மட்டும் இறங்காவிட்டால் கோளாறு கிக்கர் பல்லில். மேக்னெட்டும் அசையவில்லை என்றால்தான் பிஸ்டனையோ கிராங்க்கையோ சந்தேகப்பட வேண்டும்.

எங்களுடையது அசையவில்லை.

சேத்தக் பிடித்துக்கொள்வது இந்த வீட்டில் முதல் முறை அல்ல. 1998-இல் நான் பள்ளி இறுதியில் படித்துக்கொண்டிருந்தபோது, அப்பா தூங்கும் நேரத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு சுற்றப் போனேன். டாங்க்கில் பெட்ரோல் குறைவாக இருந்தது. ஒரு லிட்டர் ஊற்றினேன். லிட்டருக்கு 20 மில்லி டூ-டி ஆயில் கலக்க வேண்டும் என்பது தெரியும், காசு இல்லை. ஒரு லிட்டருக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன்.

டூ-ஸ்ட்ரோக் என்ஜினில் பிஸ்டனுக்கு எண்ணெய் தனியாக வருவதில்லை. பெட்ரோலோடு கலந்து வந்தால்தான் உண்டு. இந்த ஊரோ மேடும் பள்ளமும். செல்லுலார் சிறை நிற்கும் அட்லாண்டா முனை மேட்டுக்கு இரண்டாம் கியரில் முக்கி முனகி ஏறினேன். இறங்கும்போது ஆக்சிலேட்டரை முழுக்க மூடிவிட்டு, பெட்ரோல் மிச்சம் என்ற சந்தோஷத்தில் கியரிலேயே உருட்டினேன். ஏறும்போது என்ஜின் நெருப்பாகக் காய்கிறது. இறங்கும்போது சக்கரம் என்ஜினை வேகமாகச் சுற்ற, பெட்ரோல் நின்றுபோனதால் இருந்த கொஞ்சம் எண்ணெயும் நின்றுபோகிறது. பிஸ்டன் அலுமினியம், அது ஓடும் போர் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல ஏறத்தாழ இரு மடங்கு விரியும். நடுவில் இருக்கும் இடைவெளியோ தலைமுடிக் கணக்கு. பிஸ்டன் விரிந்து போரைப் பிடித்தது, பின்சக்கரம் 'கிரீச்' என்று நின்றது. கிளட்சைப் பிடிக்கத் தெரிந்திருந்தால் வண்டி நேராக உருண்டிருக்கும். எனக்குத் தெரியவில்லை. முழங்காலில் தழும்பு இன்னும் இருக்கிறது.

அரை மணி நேரம் கழித்து உதைத்தேன். ஆச்சரியம், கிக்கர் இறங்கியது, வண்டி ஓடியது. ஆறினால் அலுமினியம் சுருங்கி விட்டுவிடும். பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். வண்டி சரியாகிவிட்டது என்று நானும் நம்பி, வீட்டில் வாய் திறக்காமல் நிறுத்திவிட்டேன். மறுநாள் அப்பா அலுவலகம் போகும் வழியில் அது மறுபடி பிடித்தது. இந்த முறை விடவில்லை.

மெக்கானிக் என்ஜினைத் திறக்கக்கூட இல்லை. சைலன்சரைக் கழற்றி, புகை வெளியேறும் துவாரத்தில் டார்ச் அடித்து அப்பாவைக் குனிந்து பார்க்கச் சொன்னார். பிஸ்டன் உடம்பில் நீளவாட்டில் கோடு கோடாகக் கீறல். அலுமினியம் இழுபட்டு ரிங்கின் மேல் பூசியிருந்தது. "இது எண்ணெய் இல்லாமப் பிடிச்சது சார். நேத்தே ஒருக்கா பிடிச்சிருக்கணும்" என்றார். அப்பா என் முழங்காலைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

மேல் அளவு பிஸ்டன் செட் அப்போது எங்களுக்கு இங்கே கிடைக்கவில்லை. போரைக் கழற்றிக் கிரீஸ் தடவிச் செய்தித்தாளில் சுற்றி, ஹாடோ துறையில் கப்பலேறிய தெரிந்தவர் கையில் கொடுத்தனுப்பினோம். சென்னைக்குக் கடல்வழி 1,190 கிலோமீட்டர், மூன்று நாள். அங்கே ஒரு சித்தப்பா அதைப் புதுப்பேட்டைக்கு எடுத்துப் போக வேண்டும். மெக்கானிக் ஒரு துண்டுச் சீட்டு வைத்தார்: 'பிஸ்டனை முதலில் வாங்கவும். அதை அளந்து காட்டி, பிறகு போரிங் போடவும்.' முதலில் போரைக் கடைந்துவிட்டு அதற்குப் பொருத்தமான பிஸ்டன் தேடுகிறவர்கள் உண்டு. மெயின்லாண்டில் கடைக்குக் கடை நடக்கலாம், தீவில் அந்தத் தவறுக்கு இன்னொரு கப்பல் செலவு. போர் திரும்பி வர ஒன்றரை மாதம் ஆனது. அதுவரை அப்பா அலுவலகத்துக்கு நடந்தார். மழையில் குடையோடு அவர் மேடு ஏறிப் போவதை ஜன்னல் வழியாகப் பார்ப்பதுதான் எனக்குக் கிடைத்த தண்டனை.

இந்த முறை கதை வேறு. துவாரத்தில் டார்ச் அடித்தபோது கீறல் இல்லை. பிஸ்டனைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் ஒரு வளையம் தெரிந்தது. நின்ற வண்டிக்குள் ஈரம் இறங்கி, ரிங்கையும் போரையும் துரு ஒட்டவைத்திருக்கிறது. சூட்டில் பிடித்ததைத் திறந்தாக வேண்டும். துருவில் பிடித்ததைக் கொஞ்சம் ஊறப்போட வேண்டும்.

எழுபது தாண்டிய மெக்கானிக் இப்போது பட்டறைக்குப் போவதில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்து, என்னை வேலை வாங்கினார். டீசலும் டூ-டி ஆயிலும் சம பங்கு கலந்து பிளக் துவாரத்தில் ஊற்றச் சொன்னார். சேத்தக்கில் போர் நேராக நிற்காது, முன்பக்கம் சாய்ந்து கிடக்கும். ஊற்றியது பிஸ்டனிடம் போய்ச் சேர வேண்டுமே! முன்சக்கரத்துக்கு அடியில் செங்கல் அடுக்கித் தூக்கி வைத்தோம். "நாலு நாள் கழிச்சுக் கூப்பிடு" என்று போய்விட்டார். தினம் காலையில் கொஞ்சம் ஊற்றுவேன், மேக்னெட்டை இரண்டு பக்கமும் மெல்ல ஆட்டிப் பார்ப்பேன். சுத்தியல் தொடக்கூடாது என்பது அவர் கட்டளை.

அந்த நாட்களில் ஒரு மாலை, 2004 டிசம்பர் 26-ஐப் பற்றிப் பேச்சு வந்தது. நிலநடுக்கத்தில் போர்ட் பிளேர்ப் பகுதி நிலமே ஏறக்குறைய ஒரு மீட்டர் இறங்கி, சிப்பிகாட் வயல்களில் கடல் வந்து தங்கிவிட்டது. தண்ணீர் புகுந்த வண்டிகள் பல அவரிடம் வந்தன. "வெயில்ல காய வச்சவன் வண்டிதான் தம்பி போச்சு" என்றார். கேட்க விசித்திரமாக இருக்கும். கடல் தண்ணீர் காய்ந்தால் உப்பு உள்ளேயே தங்கி, காற்றின் ஈரத்தை இழுத்து அரித்துக்கொண்டே இருக்கும். பிளக்கையும் கார்ப்பரேட்டரையும் கழற்றி, தயங்காமல் நல்ல தண்ணீர் விட்டு அலசி வடித்து, உடனே டீசலால் கழுவி, எண்ணெய் ஊற்றிச் சுற்றிவிட்டவர்களின் வண்டிகள் பிழைத்தன. ஊருக்கே குடிதண்ணீர் இல்லாதபோது ஸ்கூட்டரை நல்ல தண்ணீரில் குளிப்பாட்ட யாருக்கு மனம் வரும்? சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்தில் முழுகிய வண்டிகளுக்கு உப்பில்லை, சேறு. ஆனாலும் பார்க்காமல் கிக்கரை உதைக்கக் கூடாது என்பது அங்கேயும் அதே விதி.

நாலு நாளில் நடக்கவில்லை. ஒன்பதாம் நாள் மேக்னெட் நகத்தளவு அசைந்தது. அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் வருவதற்குள் விரலளவு. சாயங்காலம் முழுச் சுற்று.

அதோடு பிளக்கை மாட்டி ஓட்டிவிட எனக்கு ஆசை. மெக்கானிக் விடவில்லை. ஹெட்டைக் கழற்றி, போரை உருவினோம். கிராங்க் வாயில் அப்பாவின் பழைய வேட்டித் துணியைத் திணித்த பிறகே பிஸ்டன் பின்னின் கிளிப்பைத் தொட வேண்டும். கிளிப் உள்ளே விழுந்தால் மொத்த என்ஜினையும் பிரித்தாக வேண்டும். ராடை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தோம், ஆட்டம் இல்லை. துணியை எடுத்துவிட்டு கிராங்க்கைச் சுற்றினால் மணல் அரைக்கிற சத்தம் இல்லை. அங்கே கரகரத்திருந்தால் வேலை வீட்டைத் தாண்டிப் பட்டறைக்குப் போயிருக்கும்.

போருக்குள் துரு வளையம் இருந்த இடத்தை மெக்கானிக் துடைத்து, சுண்டுவிரல் நகத்தால் தடவச் சொன்னார். நகம் வழுக்கிப் போனால் தேய்த்துச் சுத்தம் செய்து புது ரிங்கோடு ஓட்டிவிடலாம். தட்டினால் போரிங். தட்டியது. மறுபடியும் தடவினேன், மறுபடியும் தட்டியது.

பஜாஜ் நிறுவனம் ஸ்கூட்டர் தயாரிப்பிலிருந்து விலகுவதாக அறிவித்தது 2009-இல். 2020-இல் அதே சேத்தக் பெயரில் அது விற்பனைக்குக் கொண்டுவந்தது மின்சார வண்டி. அதில் பிடித்துக்கொள்ளப் பிஸ்டனே கிடையாது. பழைய வண்டிக்கு மேல் அளவு பிஸ்டன் செட் புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கும் என்கிறார் சித்தப்பா மகன். போரிங் இங்கேயே போட்டுக்கொள்ளலாம் என்கிறார் மெக்கானிக். பிஸ்டன் வரட்டும், அதன் தலையில் உள்ள அம்புக்குறி புகைத் துவாரத்தைப் பார்த்து இருக்க வேண்டும், அதை மட்டும் மறக்காதே என்று மூன்று முறை சொல்லிவிட்டுப் போனார்.

போர் இப்போது என் எழுத்து மேசையில், கிரீஸ் பூசிச் செய்தித்தாளில் சுற்றிக் கிடக்கிறது. நேற்று அப்பா டாங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "பழைய பெட்ரோலைக் கீழே வடிச்சிடு" என்றார். போகிற போக்கில், 20 மில்லி அளக்கும் மூடியை எங்கே வைத்தாய் என்றும் கேட்டார்.