கொல்லைப்புறத்து ஆறு

திருவனந்தபுரத்தில் ஒருவர் தம் விலாசத்தை எழுதும்போது, மாநகராட்சி கொடுத்த டி.சி. எண்ணுக்குப் பக்கத்திலேயே, தம் தெருவின் ரெசிடென்ஸ் அசோசியேஷன் கொடுத்த எண்ணையும் எழுதிவிடுகிறார். புதிதாக வருகிற விருந்தாளி வீட்டைக் கண்டுபிடிப்பதும் பெரும்பாலும் அந்த இரண்டாவது எண்ணைக் கொண்டுதான். அயலார் கூடி அமைத்த ஒரு சங்கம், வாசல் தூணில் தன் எண்ணைப் பதிக்கும் அளவுக்கு ஜனங்களின் நம்பிக்கையைச் சம்பாதித்திருக்கிறது என்பதை நான் அற்பமான விஷயமாகக் கருதவில்லை.

இந்நகரின் ஒரு பகுதியான கரமனைக்கு இத்தகைய கூட்டு வாழ்வு புதிதல்ல. நீலகண்ட சிவனின் பக்திப் பாடல்கள் ஒலித்த இந்த ஊரில், ஆற்றங்கரைச் சத்தியவாகீசுவரர் கோயிலைச் சார்ந்து அமைந்த அக்கிரகாரத் தெருக்களில் வாழ்ந்த தமிழர்கள், திருவிதாங்கூரின் மற்ற அக்கிரகாரங்களைப் போலவே, ‘சமூகம்’ என்ற பெயரால் வழங்கிய பொது ஸ்தாபனத்தின் மூலம் உற்சவத்தையும், சமூக மடத்தையும், கல்யாணச் சமையலுக்கு வேண்டிய வார்ப்பையும் உருளியையும், ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால் செய்யவேண்டிய காரியங்களையும் சிரத்தையோடு கவனித்துவந்தார்கள். அதன் ஒழுங்கைப் பாராட்டுகிற அதே மூச்சில், அதன் கதவு ஜன்மத்தைக் கேட்டுத்தான் திறந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அடுத்த தெருவில் தலைமுறைகளாக வசித்த நெசவாளிக்கும் வண்டிக்காரனுக்கும் அங்கே இடமில்லை. இன்றைய ரெசிடென்ஸ் அசோசியேஷனோ, 1955-ஆம் வருஷத்துத் திருவிதாங்கூர்-கொச்சி சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்று, அயலில் வசிக்கிறவர் என்ற ஒரே தகுதியைக் கொண்டு தமிழரையும் மலையாளியையும், சகல ஜாதி மதத்தாரையும் ஒரே ஜமுக்காளத்தில் உட்காரவைக்கிறது. நம் காலத்தில் நிகழ்ந்த சமுதாய மாறுதல்களில் இதை நான் மேலானதாக எண்ணுகிறேன்.

தெருவிளக்கு, ஓணக் கொண்டாட்டம், குடும்ப சங்கமம், வைத்திய முகாம், பத்தாம் வகுப்பில் தேறிய குழந்தைகளுக்குப் பரிசு ஆகிய எல்லாக் காரியங்களும் நடக்கின்றன, நடக்கவும் வேண்டும். நகரத்துச் சங்கங்களை ஒன்றிணைக்க ‘ஃபிராட்’ என்ற கூட்டமைப்பும் உண்டு. ஆனால் சங்கத்தின் பார்வை வாசல் பக்கத்தோடு நின்றுவிடுகிறது என்பதே என் மனத்தை உறுத்துகிற குறை.

குப்பை விஷயத்தில் இதை நகரம் முழுவதும் அனுபவித்தோம். 2000-ஆம் ஆண்டு முதல் நம் வீடுகளின் கழிவெல்லாம் விளப்பில்சாலை என்ற கிராமத்திலிருந்த குப்பை ஆலைக்கு லாரிகளில் போய்க்கொண்டிருந்தது. அந்த ஊர்க்காரர்கள் வருஷக்கணக்கில் துர்நாற்றத்தையும் கெட்டுப்போன நீரையும் சகித்து, பிறகு போராடி, 2011 டிசம்பரில் அந்த ஆலையை மூடவைத்தபோதுதான், தினமும் காலையில் வாசலில் வைத்த வாளி எங்கே போகிறது என்ற கேள்வியே நகரவாசிகளில் பலருக்கு எழுந்தது. குழாய்க் கம்போஸ்டும், சமையற்கட்டுத் தொட்டியும், தும்பூர்முழி முறையில் அமைந்த உரக் கூண்டுகளும் அதன் பின்னரே வந்தன. நம் தெருவைச் சுத்தமாக்கியவர்களில் விளப்பில்சாலைக்காரர்களும் உண்டு என்பதை நன்றியோடு நினைக்கவேண்டும்.

கரமனையாற்றின் கதை அதைவிடத் துயரமானது. அகஸ்தியகூடத்தைச் சேர்ந்த மலைகளில் பிறந்து, பேப்பாறையிலும் அருவிக்கரையிலும் அணையால் தடுக்கப்பட்டு, இந்தத் தலைநகருக்குக் குடிநீர் கொடுத்துவிட்டு, மிச்சமுள்ள நீரோடு கரமனைக்கு வந்து சேரும் அந்த நதிக்கு, 1853-இல் உத்திரம் திருநாள் மகாராஜா காலத்தில் எழும்பிய பாலத்தைக் கடக்கிறபோது நாம் திருப்பித் தருவது ஓடைகளின் சாக்கடையைத்தான். கிள்ளியாறும் தன் பங்குக்கு நகரத்தின் அழுக்கைச் சுமந்துவந்து கலக்கிறது. 2018-இல் மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் கேரளத்தில் மாசடைந்தவையாக அடையாளம் கண்ட 21 ஆற்றுப் பகுதிகளில், மிக மோசமான முதல் வகுப்பில் வைக்கப்பட்டது கரமனையாறு ஒன்றே. நீரில் கலந்த அசுத்தத்தைச் சிதைக்க ஆகும் பிராணவாயுவைக் கொண்டு இதைக் கணக்கிடுகிறார்கள். குளிக்கும் நீரில் அது லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, முதல் வகுப்பு என்றால் 30-ஐத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். படித்துறையில் முழுகிச் சந்தியாவந்தனம் செய்த ஊரில் இப்போது கடவுக்கு இறங்கும் பாதையில் புல் முளைத்திருக்கிறது.

ஒன்றுகூடும் சக்தி நம்மிடம் இல்லாமலில்லை. கரமனை முதல் களியக்காவிளை வரையுள்ள சாலையை அகலப்படுத்தவேண்டும் என்று ஆக்ஷன் கவுன்சில் அமைத்து, விடாமல் மனுக்கொடுத்து, ஊர்வலம் போய், நீறமண்கரை முதல் பிராவச்சம்பலம் வரையிலான முதல் பகுதியைச் சாதித்துக் காட்டியவர்கள் இந்தப் பிரதேசத்து ஜனங்கள்தாம். வாகனம் ஓடும் பாதைக்குக் காட்டிய பிடிவாதத்தில் பாதியையாவது தண்ணீர் ஓடும் பாதைக்குக் காட்டியிருந்தால்!

சட்டமும் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. 1994-ஆம் வருஷத்துக் கேரள நகராட்சிச் சட்டப்படி, மாநகராட்சி வார்டு கமிட்டியில் பதிவுபெற்ற குடியிருப்போர் சங்கங்களிலிருந்து 15 பேர் வரை தேர்ந்தெடுக்கப்படலாம். வீடுகளின் கழிவுக்குழாய் எந்த ஓடையில் முடிகிறது, எந்த வீட்டுக்கு முட்டத்தறை சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைப்பு இல்லை என்ற விவரத்தைத் தெருவில் வசிக்கிறவர்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? இந்தக் கேள்விகளை அந்தக் கமிட்டிக்குக் கொண்டுபோக வேண்டியவர்கள் சங்கத்தார்தாம். 1989-இல் சென்னையில் தோன்றிய எக்ஸ்நோரா என்ற தெருவாசிகள் இயக்கம், குப்பை பொறுக்கியவர்களையே தெருவின் துப்புரவாளர்களாக்கி, வீட்டுக்கு வீடு மாதச் சந்தா சேர்த்து ஊதியம் கொடுத்தது. அண்டை வீட்டார் கூடினால் பிறருக்கு ஜீவனமும் தரலாம் என்பதற்கு அது நல்ல உதாரணம். அந்த விரிந்த மனம் நமக்கும் தேவை. வீட்டுக்காரருக்கு மாத்திரம் ஓட்டு, வாடகைக்கு இருப்பவருக்குச் சந்தா ரசீது மாத்திரம் என்று நடக்கும் சங்கம், ஜன்மத்துக்குப் பதிலாகச் சொத்தைக் கேட்டுக் கதவைத் திறக்கிற பழைய ‘சமூக’மாகவே மாறிவிடும்.

கரமனையின் சங்கத்து அன்பர்களிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த வருஷாந்தரப் பொதுக்கூட்டத்தில் இரண்டு தீர்மானங்களை நிறைவேற்றுங்கள்: வாடகைக் குடித்தனக்காரருக்கும் பூரண அங்கத்தினர் உரிமை கொடுங்கள், உங்கள் எல்லையிலுள்ள ஒவ்வொரு கடவுக்கும் ஓடைமுகத்துக்கும், வீடுகளுக்குக் கொடுத்ததுபோல, சங்கத்தின் எண்ணைக் கொடுத்து ஒரு பலகை நட்டு, அதைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள்.