குழாய் ஒன்று, குடங்கள் ஆயிரம்



காணும் பொங்கலன்று மாலையில் சென்னை மெரினா கடற்கரைக்கு நீங்கள் போனதுண்டா? போகாதவர்கள் செய்தித்தாளில் படமாவது பார்த்திருப்பீர்கள். மணல் தெரியாது, தலைகள்தாம் தெரியும். அந்தக் கூட்டத்துக்கு வரும் சிறு குழந்தைகளின் கையில் காவல்துறையினர் ஓர் அடையாளப் பட்டையைக் கட்டிவிடுகிறார்கள். குழந்தையின் பெயரும் பெற்றோரின் கைப்பேசி எண்ணும் அதில் இருக்கும். குழந்தை கூட்டத்தில் தவறிவிட்டால், பார்ப்பவர்கள் அந்த எண்ணைக் கூப்பிட்டுச் சொல்லலாம். எளிய ஏற்பாடு, நல்ல ஏற்பாடு.

ஆனால் ஒரு கேள்வி. அந்த எண்ணைக் கூப்பிடும்போது இணைப்பே கிடைக்காவிட்டால்?

இது வீண் பயமல்ல. தேரோட்டம், கிரிக்கெட் ஆட்டம், புத்தாண்டு இரவு என்று பெருங்கூட்டம் கூடும் இடங்களில் நீங்களே இதைக் கண்டிருப்பீர்கள். கைப்பேசியில் சிக்னல் கோடுகள் எல்லாம் நிறைந்து தெரியும். எண்ணை அழுத்தினால் மட்டும் மௌனம். இணைப்பு மிகவும் தேவைப்படும் மாலை எதுவோ, அந்த மாலையிலேயே அது கிடைக்காமல் போகிறது. இது ஏன்? இதற்கு யார் என்ன செய்ய வேண்டும்? இதைப் பற்றி என் கருத்தை உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

கோடுகள் சொல்வது என்ன?

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிக்கொள்வோம். கோபுரத்திலிருந்து வரும் ரேடியோ அலை உங்கள் கைப்பேசியை எவ்வளவு வலுவாக வந்து சேர்கிறது என்பதைத்தான் அந்தக் கோடுகள் காட்டுகின்றன. அதே கோபுரத்தை எத்தனை பேர் பங்கிட்டுக் கொள்கிறார்கள் என்பதை அவை காட்டுவதில்லை. தெருக்குழாயில் தண்ணீர் வருகிறதா என்பது ஒரு கேள்வி. குழாயடியில் எத்தனை குடங்கள் வரிசையில் நிற்கின்றன என்பது வேறு கேள்வி. கோடுகள் முதல் கேள்விக்கு மட்டுமே விடை தருகின்றன.

சரி, ஏன் எல்லோருக்கும் ஒரே குழாய்? ரேடியோ அலைவரிசைகள் அளவுக்கு உட்பட்டவை. ஒரே அலைவரிசையில் அருகருகே இருவர் ஒரே நேரத்தில் பேசினால் ஒருவர் பேச்சு மற்றவர் பேச்சைக் கெடுக்கும். இதற்கு 1947-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடப் பொறியாளர்கள் ஓர் அழகான வழி கண்டார்கள். ஊர் முழுவதற்கும் ஒரு பெரிய கோபுரம் வைப்பதற்குப் பதிலாக, ஊரைத் தேன்கூட்டு அறைகளைப்போல் சிறு சிறு பகுதிகளாகப் பிரிப்பது; ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு நிலையம் வைப்பது; ஓர் அறையில் பயன்படும் அலைவரிசையையே தொலைவிலுள்ள இன்னோர் அறையில் மறுபடியும் பயன்படுத்துவது. அந்த அறைக்குத்தான் ‘செல்’ என்று பெயர். உயிரியல் பாடத்தில் நீங்கள் படிக்கும் அதே சொல்தான். ‘செல்போன்’ என்ற பெயர் இங்கிருந்து வந்தது. இந்தியாவில் முதல் கைப்பேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவுக்கும் தில்லிக்கும் இடையே நடந்தது. மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு, மத்திய தகவல் தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அன்று சிலர் கையில் மட்டும் இருந்த கருவி இன்று ஏறக்குறைய எல்லோர் கையிலும் இருக்கிறது.

மெரினாவை இப்போது எண்ணிப் பாருங்கள். கிழக்கே கடல். அங்கே கோபுரம் நட முடியாது. காமராசர் சாலைப் பக்கத்து நிலையங்களே மணல்வெளி முழுவதற்கும் பதில் சொல்ல வேண்டும். சாதாரண மாலையில் வரும் கூட்டத்துக்கு அவை போதும். காணும் பொங்கல் கூட்டத்துக்கு?

எர்லாங் போட்ட கணக்கு

இந்தக் கேள்வியைக் கைப்பேசி பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே ஒருவர் கேட்டார். டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஏ. கே. எர்லாங் என்ற கணித அறிஞர் அவர். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவதில்லை; ஆகவே ஆளுக்கு ஓர் இணைப்பு வைப்பது வீண் செலவு. அப்படியானால் எத்தனை இணைப்புகள் போதும்? இதற்கான சூத்திரத்தை அவர் 1917-இல் வெளியிட்டார்.

அவர் சூத்திரம் தரும் விடையைப் பாருங்கள். ஓர் இடத்தில் 10 இணைப்புகள் இருப்பதாகக் கொள்வோம். சராசரியாக 5 பேர் ஒரே நேரத்தில் பேச விரும்பினால், 100 அழைப்புகளில் சுமார் 2 மட்டுமே தோற்கும். 10 பேர் விரும்பினால் 100-க்கு 21 தோற்கும். 20 பேர் விரும்பினால் 100-க்கு 54 தோற்கும். கூட்டம் இரண்டு மடங்கானபோது தோல்வி பத்து மடங்குக்கு மேல் ஆகிவிட்டதைக் கவனித்தீர்களா? ‘நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது!’ என்று நாம் வியப்பதற்குக் காரணம் இதுதான். நெரிசல் மெல்ல மெல்ல வருவதில்லை. ஓர் எல்லையைத் தாண்டியதும் திடீரென்று வருகிறது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பேசுவதற்கு முன்பு கைப்பேசி கோபுரத்திடம் ‘எனக்கு இடம் வேண்டும்’ என்று ஒரு சிறு குறிப்பு அனுப்ப வேண்டும். இருவர் ஒரே நேரத்தில் ஒரே குறிப்பை அனுப்பினால் இரண்டும் மோதி வீணாகும். இருவரும் சற்றுப் பொறுத்து மறுபடி கேட்க வேண்டும். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் குழுவினர் 1971-இல் இயக்கிக் காட்டிய ‘அலோஹா’ என்ற வலைப்பின்னலின் வழிவந்த முறை இது.

இதை வகுப்பிலேயே ஆடிப் பார்க்கலாம். 10 மாணவர்கள் ஒவ்வொருவரும் 1 முதல் 10 வரை ஏதாவது ஓர் எண்ணை மறைவாக எழுதட்டும். ஓர் எண்ணை ஒருவர் மட்டும் எழுதியிருந்தால் அவருக்கு இடம் கிடைத்தது. இருவரோ பலரோ எழுதியிருந்தால் யாருக்கும் இல்லை. பலமுறை ஆடினால் சராசரியாக 4 பேருக்கு இடம் கிடைக்கும். இனி 40 பேரை ஆடச் சொல்லுங்கள். சராசரியாக ஒருவருக்குக்கூட இடம் கிடைக்காது! கேட்பவர்கள் கூடினார்கள், பெற்றவர்கள் குறைந்தார்கள். இணைப்புக் கிடைக்காத கோபத்தில் நாம் மீண்டும் மீண்டும் எண்ணை அழுத்தும்போது, 10 பேர் ஆட்டத்தை 40 பேர் ஆட்டமாக மாற்றிக் கொண்டிருக்கிறோம்.

யார் குடம் பெரியது?

குழாயடியில் எல்லாக் குடங்களும் ஒரே அளவல்ல. 160 ஆங்கில எழுத்துகள் கொண்ட குறுஞ்செய்திக்கு வேண்டியது 1,120 பிட்டுகள்தாம். தமிழில் எழுதினால் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 16 பிட்டு ஆவதால் அதே இடத்தில் 70 குறியீடுகள் அடங்கும். ‘குழந்தை என்னிடம் இருக்கிறான், உழைப்பாளர் சிலை அருகே வாருங்கள்’ என்று சொல்ல இது போதும். இனி ஒருவர் நொடிக்கு 20 லட்சம் பிட்டு வீதம் கடற்கரைக் கூட்டத்தை நேரலையாக அனுப்புகிறார் என்று வைத்துக் கொள்வோம். ஒரு நிமிடத்துக்கு 12 கோடி பிட்டு. பிட்டுக் கணக்கில் மட்டும் பார்த்தால், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குறுஞ்செய்திகளுக்குச் சமம்!

‘குரல் அழைப்புக்கு முன்னுரிமை இல்லையா?’ என்று கேட்பீர்கள். உண்டு. 4ஜி முறையில் சாதாரணத் தொலைபேசி அழைப்புக்கு வீடியோவைவிட முதலிடம் தரப்படுகிறது. ஆனால் அந்த முதலிடம், வாசலைக் கடந்து உள்ளே சென்றவர்க்கே. வாசலில் நெருக்கடி என்றால் என்ன செய்வது? மேலும், வாட்ஸ்அப் வழியாகப் பேசினால் அந்த முன்னுரிமையும் இல்லை. அது சாதாரணத் தரவாகவே வரிசையில் நிற்கும்.

இதனால் துன்பப்படுவோர் யார்? மயங்கி விழுந்தவருக்காக ஆம்புலன்சைக் கூப்பிடுபவர், பிள்ளையைத் தேடும் தாய், இவர்கள் மட்டுமல்ல. சுண்டல் விற்கும் பெண்மணியையும் நினைத்துப் பாருங்கள். ஆண்டிலேயே நல்ல வியாபாரம் நடக்கும் மாலை அது. வாங்கியவர் கைப்பேசியால் பணம் அனுப்ப முயல்கிறார். சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ‘அப்புறம் பார்த்துக்கலாம் போங்க’ என்று அவர் சொல்லிவிட்டால், நட்டம் யாருக்கு?

கோபுரத்தைக் கூட்டினால் போதாதா?

பலர் சொல்லும் தீர்வு இது. ஓரளவு உண்மையும்கூட. விழா நாள்களில் வண்டிமேல் பொருத்திய நடமாடும் கோபுரங்களைக் கொண்டு வந்து நிறுத்துகிறார்கள். 2025 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் பிரயாக்ராஜில் நடந்த மகா கும்பமேளாவிலும் அப்படிச் செய்தார்கள். இந்தியாவில் 2022 அக்டோபர் முதல் தேதி தொடங்கிய 5ஜி, அகன்ற அலைவரிசையையும் பல ஆன்டெனாக்களையும் கொண்டு கூட்டத்தை முன்னைவிட நன்றாகத் தாங்குகிறது. இவை வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் இவை மட்டும் போதும் என்பதை நான் ஏற்கவில்லை. காரணங்கள் இரண்டு. முதலாவது, கோபுரங்களை மிக நெருக்கமாக வைத்தால் ஒன்றின் அலை மற்றொன்றுக்கு இடையூறாகும். பத்துக் கோபுரம் வைத்தால் பத்து மடங்கு வசதி என்று கணக்கிட முடியாது. இரண்டாவது, குழாய் பெரிதானால் குடமும் பெரிதாகிறது. குரல் மட்டும் பேசிய நாம் படம் அனுப்பினோம்; படம் அனுப்பிய நாம் இன்று நேரலை அனுப்புகிறோம்.

ஆகவே என் கருத்து இதுதான். அலைவரிசை ஆற்றுநீரைப் போல, சாலையைப் போலப் பொதுச் சொத்து. பொதுச் சொத்தைக் காக்கும் கடமை அதிகாரம் உள்ளவர்க்கும் உண்டு; பயன்படுத்தும் நமக்கும் உண்டு.

விழா நடத்துவோர் குடிநீர், கழிப்பறை, முதலுதவி ஆகியவற்றுடன் தகவல் தொடர்பையும் ஓர் அடிப்படை ஏற்பாடாகச் சேர்க்க வேண்டும். அதே சமயம் கைப்பேசி ஒன்றையே நம்பி இருக்கவும் கூடாது. கும்பமேளாவில் தவறிப்போனவர்களைச் சேர்த்து வைக்கும் முகாமை 1946-இல் ராஜாராம் திவாரி என்பவர் தொடங்கினார். பெயரைக் கூவி அழைத்தே பிரிந்தவர்களை ஒன்றுசேர்த்தார்கள். ஒலிபெருக்கி பழைய கருவிதான். ஆனால் அதன் குரல் ஆயிரம் பேருக்கு ஒரே நேரத்தில் கேட்கும். கூட்டம் பெருகினாலும் அதற்கு இணைப்பு மறுக்கப்படுவதில்லை.

கைப்பேசி நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு சிம் அட்டையிலும் 0 முதல் 9 வரை ஒரு வகுப்பு எண் உண்டு. அவசரப் பணியாளர்களுக்கும் பாதுகாப்புத் துறையினருக்கும் தனி வகுப்புகள் உண்டு. நெருக்கடி முற்றும்போது சில வகுப்புகளைச் சிறிது நேரம் காக்க வைத்து, அவசர அழைப்புகளுக்கு வழிவிட இம்முறையால் இயலும். எப்போது, எந்த விதியின்படி இதைச் செய்வோம் என்று மக்களுக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். மறைவாகச் செய்தால் சந்தேகம் வரும். சொல்லிச் செய்தால் மக்கள் ஒத்துழைப்பார்கள்.

நாம் செய்யக் கூடியவை மிக எளியவை. கூட்டத்துக்குள் போகும் முன்பே, பிரிந்தால் எங்கே சேர்வது என்று வீட்டாருடன் பேசி வையுங்கள். கலங்கரை விளக்கம் போன்ற, தொலைவிலிருந்தே தெரியும் இடமாக அது இருக்கட்டும். குழந்தையின் பட்டையில் வேறு நிறுவன இணைப்புள்ள இரண்டாவது எண் ஒன்றையும் எழுதச் சொல்லுங்கள். வீடியோ எடுங்கள், ஆனால் வீட்டுக்கு வந்து அனுப்புங்கள். பேச முடியாதபோது பத்து முறை அழுத்தாமல் ஒரு குறுஞ்செய்தி அனுப்பிப் பொறுத்திருங்கள். உண்மையான ஆபத்து என்றால் 112-ஐ அழையுங்கள். உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாத இடத்திலும், வேறு நிறுவனத்தின் கோபுரம் எட்டினால் அதன் வழியாக அந்த அழைப்பு செல்லும்.

குழாயடியில் தாகத்தோடு ஒரு குழந்தை வந்து நின்றால், நம் குடத்தைச் சற்று நகர்த்தி அதற்கு முதலில் வழிவிடுகிறோம் அல்லவா? காற்றில் உள்ள குழாய் கண்ணுக்குத் தெரிவதில்லை. அங்கே நிற்கும் குழந்தையும் தெரிவதில்லை. தெரியாததைத் தெரிய வைப்பது அறிவியல். தெரிந்தபின் குடத்தை நகர்த்துவது நம் கையில் இருக்கிறது.