லெப்சாவின் ஓகாரக் குறி

‘கொடி’ என்று எழுதும்போது திரையில் முதலில் நிற்பது கொம்பு. அடுத்தது ககரம், பிறகு கால். கணினியின் நினைவிலோ ககரம்தான் முதலில். ஒகரக் குறி அதற்குப் பின்னால். கொம்பை முதலில் அடித்துப் பழகிய, திஸ்கி என்னும் பழைய குறியீட்டு முறைக் காலத்துக் கைகளுக்கு யூனிகோடு வந்த புதிதில் இது குழப்பமாகவே இருந்தது. அந்த ஒகரக் குறியின் எண் 3018. கொம்பையும் (3014) காலையும் (3006) தனித்தனியாகச் சேர்த்தாலும் அது 3018-க்குச் சமம் என்று யூனிகோடு தரத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த விதியை மதிக்கும் மென்பொருளில், எப்படி அடித்த ‘கொடி’யும் தேடினால் கிடைத்துவிடும்.

சிக்கிமிலும் டார்ஜீலிங், கலிம்போங் மலைகளிலும் வாழும் லெப்சா மக்களின் எழுத்துக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

திபெத்திய எழுத்தின் வழிவந்தது லெப்சா எழுத்து. அதை அமைத்தவர் திகுங் மென்சலோங் என்கிறது லெப்சா மரபு; சிக்கிம் மன்னர் சக்டோர் நம்கியால் காலத்தில் உருவானது என்கிறது மற்றொரு வரலாறு. பழைய சுவடிகளில் மேலிருந்து கீழாக எழுதியிருக்கிறார்கள். பின்னாளில் வரி கிடையாகத் திரும்பியபோது எழுத்துகளும் சேர்ந்து திரும்பின. அசையின் ஈற்றில் வர வேண்டிய மெய்கள் முதலெழுத்தின் தலைமேல் ஏறிக்கொண்டது அதனால்தான் என்பார்கள். ‘ங்’ மட்டும் இடப்பக்கம் போய்விட்டது. ‘கொங்’ என்ற ஒலியை எடுத்துக்கொள்ளுங்கள். கணினியின் நினைவில் க, ஒ, ங். தாளில் இடமிருந்து பார்த்தால் ங், ஒ, க. ஒரே அசை, கண்ணாடியில் பார்த்ததுபோல் தலைகீழாக நிற்கிறது!

2008 ஏப்ரலில் வெளியான யூனிகோடு 5.1 பதிப்பில் லெப்சாவுக்கு 74 குறியீடுகள் கிடைத்தன. ஒகரக் குறி 7208. அது எழுத்தின் இடப்பக்கம் நிற்கும். ‘ரான்’ என்னும் தலைக்குறி 7222. ஓகாரக் குறி 7209. இடப்பக்கமும் தலைமேலுமாகப் படரும் ஒரே வடிவம். ஒகரத்தையும் ரானையும் அடுத்தடுத்து அடித்தால் கண்ணுக்கு ஓகாரம் போலவே தோன்றக்கூடும். கணினிக்கு அது வேறு சொல். இரண்டும் சமம் என்ற விதி யூனிகோட்டில் இல்லை. இனிமேல் சேர்க்கவும் முடியாது: ஏற்கெனவே இடம்பெற்ற குறிக்குப் புதிதாக இத்தகைய சமன்பாடு தருவதில்லை என்பது யூனிகோட்டின் நிலைத்தன்மைக் கொள்கை. பழைய ஆவணங்கள் கெடாமல் இருக்க அந்தக் கொள்கை அவசியம். அதை நான் குறை சொல்லவில்லை.

ஆனால், அதன் சுமை எல்லா மொழிக்கும் ஒன்றல்ல. தமிழிலோ இந்தியிலோ ஒரு சொல்லைத் தவறாக அடித்தாலும், கோடிக்கணக்கான பக்கங்களைப் பார்த்துப் பழகிய தேடுபொறி சரியானதை ஊகித்துவிடும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் லெப்சாவைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 50,000 பேருக்கும் குறைவு. அங்கே ஊகிக்கப் போதிய எழுத்துக் குவியலே இல்லை. இருக்கும் கொஞ்சமும் இரண்டு விதமாகச் சிதறினால், ஒரு மாணவி அகராதியில் தேடும் சொல் அங்கேயே இருந்தும் கிடைக்காது. சிறிய மொழிக்கு இது பெரிய இழப்பு.

தீர்வு விசைப்பலகையில் இருக்கிறது. ஒகரத்துக்குப் பின் ரானை அடித்தால் அதை 7209 ஆக மாற்றிச் சேமிக்கச் சில வரி நிரல் போதும். பழைய எழுத்துருக்களில் கிடக்கும் பாடநூல்களை யூனிகோட்டுக்கு மாற்றும்போதும் அதே விதியைப் பின்பற்ற வேண்டும். நெதர்லாந்தின் லைடனில், வான் மானன் என்பவர் சேகரித்த 180-க்கும் மேற்பட்ட லெப்சாச் சுவடிகள் இருக்கின்றன. அவற்றைத் தட்டச்சு செய்வோருக்கும் இந்த விதி வேண்டும்.

1977 முதல் லெப்சா சிக்கிமின் ஆட்சிமொழிகளில் ஒன்று. பள்ளிகளில் அதைக் கற்பிப்பதும் பாடநூல் அச்சிடுவதும் அந்த மாநில அரசுதான். லெப்சா ஆசிரியர்களையும் எழுத்தாளர்களையும் உட்காரவைத்து, எந்த ஒலிக்கு எந்தக் குறியீடு என்று ஒரு பக்க விதியை சிக்கிம் அரசு இந்தக் கல்வியாண்டிலேயே வெளியிட வேண்டும்.